சம்பந்தி பேசாத பகல்

அந்த பஸ் ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் மேல ஏத்துங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். அந்தா மலை தெரியுதா? அந்த முகடு இல்ல. அதுக்கு இங்கிட்டு, அரிவாளால கீறிவிட்ட மாதிரி கருப்பா ஒரு கோடு எறங்குதே, அதான். இந்தப் பக்கத்துல மலையைப் பொளந்துக்கிட்டுப் போற அந்த மாதிரிப் பள்ளத்துக்குக் கெவின்னு பேரு. அது கூகைக்கெவி. அதுக்குள்ள ஒரு பகல் பூராம் கெடந்திருக்கேன். நான் மட்டும் இல்ல, எங்க சம்பந்தியும்.

எனக்கு ஊரு ஒட்டன்சத்திரம். பேரு மகுடீஸ்வரன். மார்க்கெட்டுல கமிஷன் கடையில ஏலம் கூவுறது நான்தான். மைக் கிடையாது, இந்தத் தொண்டைதான். கருக்கல்ல ஆரம்பிச்சா தக்காளி, முருங்கை, அவரை, வெங்காயம்னு வாய் ஓயாது. நான் கூவுறதை நிறுத்திட்டேன்னா வியாபாரி கையைக் கட்டிக்கிட்டு நிப்பான், விவசாயி மொகம் சுண்டிப் போகும். ஏலத்துல சத்தம் நின்னா சரக்கு விலை விழுந்திரும் தம்பி. அப்படியே பழகிப் போச்சு. வீட்டுலயும் அப்படித்தான். எங்க வீட்டுக்காரி ருக்மணி, அவ போயி நாலு வருசமாச்சு, அவ பேசவே மாட்டா. கல்யாணமான புதுசுல பேசுவா. அப்புறம் போகப் போகக் கொறச்சுக்கிட்டா. எனக்கும் சேத்து நீங்களே பேசிருங்கன்னு ஒரு தடவை சொன்னா. நல்ல மனுஷி.

ஒரே மகன், நிர்மல். கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனி. அவனுக்குக் கட்டுன பிள்ளை தாரிணி, சின்னமனூரு. அவ அப்பா தவமணி, மருந்துக்கடை வச்சிருக்கார். அவரும் அதிகம் பேசுற ஆள் இல்ல. ஆனா கேட்டா பதில் சொல்லிருவார். அளந்துதான் சொல்லுவார், இருந்தாலும் சொல்லுவார். பொண்ணு பாக்கப் போனப்ப முழுக்க நான்தான் பேசுனேன். எழுந்திருக்கும்போது அவர் சொன்னது ஒன்னுதான். "எங்களுக்கு ஒரே பொண்ணுங்க. சத்தம் போட்டா பயந்துக்கும்." நான் சொன்னேன், எம்மகன் சத்தமே போட மாட்டான், அது ஒன்னுக்கு நான் ஜவாப்தாரின்னு. சொன்னது உண்மைதானே? இன்னைக்கு வரைக்கும் அவன் சத்தம் போட்டதில்ல.

போன தை மாசம், பொங்கல் முடிஞ்ச மறுவாரம், எல்லாரும் கொடைக்கானல் போவோம், கூகைக்கெவி வழியா நடந்து அடிவாரத்துக்கு எறங்கலாம்னு ஏற்பாடு. எம்மகனுக்கு மலை ஏறுறதுன்னா உயிரு. லீவு கெடச்சா எங்கயாவது ஒரு மலையில இருப்பான். ஏற்பாடு பண்ணுனது அந்தப் பிள்ளை தாரிணி. எனக்கும் போன் பண்ணி, மாமா நீங்களும் வாங்க, எங்கப்பாவும் வர்றாருன்னு சொல்லுச்சு. எங்க ரெண்டு பேரையும் எதுக்குக் கூப்புடுதுன்னு அப்ப நான் யோசிக்கல. சம்பந்தி வர்றாருன்னா நாம போகாம இருந்தா மரியாதையா இருக்காதேன்னு கெளம்பிட்டேன்.

காலையில மேல இருந்து எறங்க ஆரம்பிச்சோம். முன்னால கைடு, அவருக்குப் பின்னால எம்மகன், அப்புறம் அந்தப் பிள்ளை, கடைசியா நாங்க ரெண்டு கிழவனுக. ஆரஞ்சுத் தோட்டம் வரைக்கும் ஒரு சிரமமும் தெரியல. அதுக்கப்புறம் பாதைன்னு பேருதான். ஒரு கால் வச்சா இன்னொரு கால் வைக்க எடம் தேடணும். மழைக்காலத்துத் தண்ணி அறுத்துவிட்ட கல்லு, அதுமேல சருகு, சருகுக்கு அடியில என்ன இருக்குன்னு காலை வச்சாத்தான் தெரியும். ரெண்டு பக்கமும் பாறை செவுரு மாதிரி எழும்பிக்கிட்டே வரும். வானம் போகப் போக ஒடுங்கிரும்.

வழியெல்லாம் எம்மகன் கைடுகிட்ட என்னமாப் பேசிக்கிட்டு வந்தான்ங்கிறீங்க. இது என்ன பறவை, அது என்ன மரம், கரடி இருக்கா, காட்டுமாடு தண்ணிக்கு எங்க எறங்கும், எல்லாம். சிரிச்சு சிரிச்சுப் பேசுறான். பின்னால வர்ற எனக்கே பெருமையா இருந்துச்சு. நடுவுல என்னைத் திரும்பிப் பாத்து, "அப்பா, பையை முன்பக்கமா மாட்டிக்கச் சொல்லுங்க"ம்பான். நான் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுவேன். அது கொஞ்ச நேரங்கழிச்சு, "மாமா, சாப்பாட்டுப் பொட்டலம் அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க"ங்கும். நான் கேட்டுச் சொல்லுவேன். ரெண்டு பேரும் கைக்கெட்டுற தூரத்துலதான் போறாங்க. எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு. புருஷன் பொண்டாட்டி பேசிக்கிறதுக்குக் கூட நான் வேணும் பாருங்க. சம்பந்தி மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தாரு. கல்லைப் பாத்து வர்றாருன்னு நெனச்சேன்.

அவரு மெதுவா நடப்பாரு தம்பி. ஒரு எட்டு வைப்பாரு, நிப்பாரு, மூச்சு வாங்குவாரு, அடுத்த எட்டு. எனக்கு நின்னு பழக்கமில்ல. இந்த பஸ்ஸுலயே பாருங்க, எனக்கு உக்கார முடியல. முன்னால போனவங்க ஒரு வளைவு திரும்பி மறைஞ்சுட்டாங்க. பாதையோ பக்கத்து மேட்டுல ஏறி, சுத்திக்கிட்டு, மறுபடி எறங்குது. எனக்குக் கீழ நேரா ஓடை தெரியுது. நான் சொன்னேன், சம்பந்தி, எதுக்கு ஏறி எறங்கணும், இப்படிக்கா ஓடையைப் புடிச்சு எறங்குனா அவுங்களுக்கு முன்னால போயி நிக்கலாம். அவரு வேணாம்னாரு, பாதையை விடாதீங்கன்னு கைடு சொன்னாருல்லன்னாரு. தண்ணி எங்க போகுதோ அங்க ஊரு, இதுக்குக் கைடு எதுக்குன்னு நான் அவரு கையைப் புடிச்சேன். அவரு மறுக்கத் தெரியாத மனுஷன். எறங்குனாரு.

அந்தப் பாறையைக் குத்தம் சொல்லணும். மேல இருந்து பாத்தாப் படி மாதிரித்தான் தெரிஞ்சுச்சு. காலை வச்சா வழுவழுன்னு அம்மிக்கல்லு மாதிரி இருக்கு. நான் மொதல்ல வழுக்குனேன், அவரு என்னைப் புடிக்க வந்து அவரும் வழுக்குனாரு. ரெண்டு பேரும் சர்ருன்னு போயி ஒரு பாறைத் தட்டுல விழுந்தோம். எனக்கு முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். அவருக்குக் கால் ஒரு வெடிப்புக்குள்ள மாட்டித் திருகிருச்சு. எழுந்து மேல பாத்தா, வந்த வழியில ஏற முடியாது, புடிக்க ஒரு வேரு கூட இல்ல. முன்னால போயி எட்டிப் பாத்தா தட்டு அங்கயே முடிஞ்சு போச்சு. அதுக்குக் கீழ பனை உசரத்துக்குப் பள்ளம், பள்ளத்துல பச்சைத் தண்ணி. ரெண்டு பக்கமும் செவுரு. கதவில்லாத ரூமு மாதிரி.

நான் கூவுனேன். என் தொண்டையைப் பத்திச் சொன்னேன்ல, அந்தத் தொண்டையால கூவுனேன். எங்கயோ தண்ணி விழுகுற சத்தம், அது என் சத்தத்தை முழுங்கிருச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டையே அடக்குற தொண்டை, அங்க எடுபடல. போனுல ஒரு புள்ளி சிக்னல் கெடையாது. சரி, நம்மளைக் காணோம்னா தேடி வருவாங்கன்னு உக்காந்தோம்.

அப்பத்தான் அவரு கேட்டாரு. காலை நீட்டி வச்சுக்கிட்டு, என் மொகத்தைப் பாக்காம.

"சம்பந்தி, ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"நிர்மல் உங்ககிட்ட பேசுறாரா?"

பேசாம என்னன்னேன். நான் போன் போட்டா ம்ங்கிறான், சரிப்பாங்கிறான், வச்சிருவான். அவனுக்கு வேலை.

"தாரிணிகிட்ட பேசுறதில்ல. தீவாளியிலருந்து."

அப்புறம் அவரு சொல்ல ஆரம்பிச்சாரு. அவரு ஒரே மூச்சுல அம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல. தீவாளிக்கு யாரோ கூட்டாளி வீட்டுக்குப் போயிருக்காங்க. நிர்மல் ஏதோ ஒரு ஊர் பேரைச் சொல்ல, அது இல்லைங்க, இதுன்னு அந்தப் பிள்ளை திருத்தியிருக்கு. அம்புட்டுத்தான். அன்னையிலருந்து வாயைத் தொறக்கல. போட்டதைச் சாப்பிடுறான், ஆபீஸ் போறான், வர்றான். வாட்ச்மேன்கிட்ட நின்னு சிரிச்சுப் பேசிட்டு வர்றான், வீட்டுக்குள்ள வந்தா கதவு சாத்துன மாதிரி. அது எதுக்க வந்தா, அதுக்குப் பின்னால இருக்கிற செவுத்தைப் பாக்குற மாதிரிப் பாக்குறானாம். இது மொத தடவையும் இல்லையாம். மொதல்ல ஒரு வாரம், அப்புறம் ஒரு மாசம், இப்ப இப்படி. காய்ச்சல்ல படுத்திருந்தப்பவும் கேக்கல. இந்த மலைக்கு வந்தாவது பேசுவான், ரெண்டு அப்பனும் கூட இருந்தா பேசித்தானே ஆகணும்னுதான் அந்தப் பிள்ளை எல்லாரையும் கூப்பிட்டிருக்கு.

"ஒரு நாள் கால்ல விழுந்திருக்கா சம்பந்தி. பேச வேணாம், திட்டவாவது செய்யுங்கன்னு. அவரு காலை மெல்ல இழுத்துக்கிட்டு, போயி டிவியைப் போட்டாராம்."

நீங்களே சொல்லுங்க தம்பி, பையனைப் பெத்தவன் இதுக்கு என்ன பதில் சொல்லுவான்? நான் கேட்டேன், அடிச்சானா? இல்லைன்னாரு. குடிச்சானா? இல்லைன்னாரு. வேற பொம்பளை சகவாசம்? அதெல்லாம் இல்லைங்கன்னாரு. அப்புறம் என்னய்யா, பேசாம இருக்கிறது ஒரு குத்தமா, இதுக்கெல்லாம் பஞ்சாயத்து வச்சா நாட்டுல ஒருத்தனும் குடும்பம் நடத்த முடியாதுன்னேன். அவன் சின்னதுலருந்தே அப்படித்தான். கோவம் வந்தா நாலு நாளைக்குப் பேச மாட்டானாம். நான் கவனிச்சதில்ல, ருக்மணி சொல்லித்தான் தெரியும். தானா வந்தது தானாப் போகும்னு விட்டுட்டேன். இதையெல்லாம் சொல்லிட்டு, கடைசியா ஒரு வார்த்தை சேத்துச் சொன்னேன். "உங்க பொண்ணு ஒன்னுக்கு ரெண்டாச் சொல்லியிருக்கும். ஒத்தப் பிள்ளைன்னு தலையில தூக்கி வச்சு வளத்துட்டீங்க."

அவரு என்னைப் பாத்தாரு. அப்புறம் மொகத்தைத் திருப்பி எதுத்த செவுத்தைப் பாத்தாரு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல அவரு பேசல.

மொதல்ல நான் அதை ஒன்னும் பெருசா நெனைக்கல. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தேன். கால் எப்படி இருக்கு சம்பந்தின்னேன். பதில் இல்ல. வீங்குதோன்னேன். இல்ல. இந்த வருசம் தக்காளி எடுபடலன்னேன். போன வருசம் முருங்கை என்ன விலை போச்சுன்னு சொன்னேன். ருக்மணி செத்தப்ப எந்த டாக்டரு என்ன சொன்னான்னு சொன்னேன், அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு செவுத்தையே பாக்குறாரு. கண்ணு சிமிட்டுது, நெஞ்சு ஏறி எறங்குது, உசுரோடதான் இருக்காரு. ஆனா நான் அங்க இல்ல. அந்த எடத்துல ஒரு ஆள் உக்காந்திருக்கான்னே அவருக்குத் தெரியாத மாதிரி.

பொழுது உச்சிக்கு வந்தப்ப வெயில் ஒரு நேரம் எட்டிப் பாத்துச்சு. அப்புறம் அதுவும் போயிருச்சு.

எனக்கு உக்கார முடியல. எழுந்து அந்தத் தட்டுலயே நடந்தேன். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும். மறுபடி கூவுனேன். மறுபடி வந்து உக்காந்தேன். சம்பந்தி, நான் சொன்னது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, சண்டைன்னா சண்டை போடுவோம்னேன். இல்ல. சரி, சிரிக்க வைப்போம்னு ஏலம் விட்டேன். அவரு செருப்பைக் கையில எடுத்து, சின்னமனூர் செருப்பு, ஒத்தைச் செருப்பு, ஒரு தரம், ரெண்டு தரம்னு கூவுனேன். அந்தச் செவுரு என் சத்தத்தை எனக்கே திருப்பி விடுது. ஒரு தரம், ரெண்டு தரம்னு எவனோ எதுக்க நின்னு கூவுறான். கேக்குறதுக்கு ஒருத்தனும் இல்ல. என் குரலே எனக்குப் புடிக்காமப் போனது அன்னைக்குத்தான் தம்பி. மூணு தரம்னு சொல்ல வாய் வரல.

உங்களுக்குச் சொன்னாப் புரியாது. ஒரு ஆள் நம்மளை அடிச்சா, நாம இருக்கோம்னு அவன் ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். இது அப்படி இல்ல. கொஞ்ச நேரத்துல எனக்கே சந்தேகம் வந்திருச்சு. வழுக்குனப்பவே நான் மண்டை ஒடஞ்சு செத்துப் போயிட்டனோ, அவரு ஒத்தையாத்தான் உக்காந்திருக்காரோ, அதான் என்னைத் தெரியலையோன்னு. கையைக் கிள்ளிப் பாத்தேன். சிரிக்காதீங்க. அப்புறம் அவரு முன்னால போயி மண்டி போட்டு, ரெண்டு தோளையும் புடிச்சு உலுக்குனேன். என்னைத் திட்டுங்கய்யா, ஒரு வார்த்தை திட்டுங்க, மயிரேன்னாவது சொல்லுங்கன்னேன். அழுதேன்னு நெனைக்கிறேன். வேர்வையாவும் இருக்கலாம்.

எம்புட்டு நேரம்னு கேக்காதீங்க. கெவிக்குள்ள பொழுது தெரியாது. கடைசியில அவரு ஒதடு பிரிஞ்சுச்சு.

"தண்ணி."

தண்ணி இல்ல. ஒரே ஒரு பாட்டில் இருந்துச்சு, அதை நான் குடிச்சு முடிச்சிருந்தேன். பேசுனாத் தொண்டை வறளும்ல. பாட்டிலைக் கவுத்துக் காமிச்சேன். அவரு கண்ணை மூடிக்கிட்டாரு. செவுத்துல ஒரு எடத்துல பாசி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் துண்டை அதுல ஒட்ட வச்சுப் புடிச்சேன். நனையிற வரைக்கும் கையை எறக்கல. கொண்டுவந்து அவரு வாயில புழிஞ்சேன். நாலஞ்சு சொட்டு விழுந்துச்சு. மறுபடி போனேன். அப்படிப் போயிப் போயி வந்தேன். அந்த வேலை கெடச்சதுக்கு நான் சாமி கும்பிட்டேன். தண்ணின்னு சொன்னாருல்ல, அது என்கிட்டத்தானே சொன்னாரு?

பின்னால அவரு கடையில உக்காந்திருந்தப்பக் கேட்டேன், அன்னைக்கு ஏன் சம்பந்தி அப்படிப் பழி வாங்குனீங்கன்னு. அவரு ஆச்சரியமாப் பாத்தாரு. பழியா? கால் எலும்பு ஒடஞ்சிருந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், வாயைத் தொறந்தாக் கத்திருவேன், நீங்க பயந்துருவீங்கன்னு இருந்தேன்னாரு. நீங்க என்ன பேசுனீங்கன்னு கூட எனக்கு ஞாபகம் இல்லைன்னாரு. அதைக் கேட்டப்ப ஆறுதலாவும் இருந்துச்சு, இன்னொரு பக்கம் என்னமோ மாதிரியும் இருந்துச்சு.

சரி, விட்ட எடத்துக்கு வர்றேன். வெளிச்சம் மங்குறப்ப மேல இருந்து ஒரு கயிறு விழுந்துச்சு. கைடு எறங்குவாருன்னு பாத்தா, எறங்குனது அந்தப் பிள்ளை. கைடு மேல நின்னு கயித்தைப் புடிச்சிருக்காரு, எம்மகன் அவருக்குப் பின்னால. அந்தப் பிள்ளை மொகமெல்லாம் கீறல். அப்பா காலைத் தொட்டுப் பாத்து, துப்பட்டாவைக் கிழிச்சு, ரெண்டு குச்சியை வச்சுக் கட்டுச்சு. மருந்துக்கடைக்காரர் மகள்ல. கட்டிட்டு என் பக்கம் திரும்பி, "மாமா, உங்களுக்கு ஒன்னும் இல்லையே?"ன்னு கேட்டுச்சு. ரொம்ப நேரங்கழிச்சு ஒருத்தர் என்னை என்னன்னு கேக்குறாங்க. முழங்கையைக் காமிச்சேன்.

எப்படியோ ரெண்டு பேரையும் மேல ஏத்துனாங்க. எம்மகன் சம்பந்தியைத் தோள்ல தாங்கித்தான் தூக்குனான், அதை நான் சொல்லியாகணும். பாத்து அங்கிள், மெதுவா அங்கிள்னான். ஆனா அந்தப் பிள்ளை கயித்துல கடைசியா ஏறி வருது, விளிம்புக்கு வந்து கையை நீட்டுது. இவன்தான் பக்கத்துல நிக்கிறான். இவன் கைடைப் பாத்து, "அண்ணே, கை குடுங்க"ங்கிறான். கைடு தள்ளி நின்னு ரெண்டு கையாலயும் கயித்தை இழுத்துப் புடிச்சிருக்காரு. அந்தக் கை அப்படியே அந்தரத்துல நிக்குது.

நான் ஓடிப் போயிப் புடிச்சு இழுத்தேன். இழுத்துட்டு எம்மகன்கிட்டச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேசுடா."

அவன் பள்ளத்தைப் பாத்தான்.

"ஒரே ஒரு வார்த்தைடா. வான்னு சொல்லு, போன்னு சொல்லு. என்னமாவது சொல்லு."

அவன் பையை எடுத்து மாட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சான். நான் ஏலக் குரல்ல அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கைடு கூடத் திரும்பிட்டாரு, அவன் திரும்பல. அந்தப் பிள்ளை என் கையை இன்னும் விடாமப் புடிச்சிருந்துச்சு. அதுதான் மெதுவாச் சொல்லுச்சு. "விடுங்க மாமா. நான் கேட்டு முடிச்சுட்டேன்."

கைடு ஆளுகளைக் கூட்டிட்டு வந்து சம்பந்தியைத் தூக்கி எறக்குனாரு, அடிவாரத்துல ஏத்திட்டுப் போக ஒரு ஜீப் வந்துச்சு. அந்தப் பிள்ளை அப்பா கூட ஏறி உக்காந்துச்சு. பெரியகுளத்துல கட்டுப் போட்டுட்டு அப்படியே சின்னமனூர் போயிருச்சு. கோயமுத்தூருக்குத் திரும்பவே இல்ல. வக்கீலு, கோர்ட்டுன்னு ஆயிப் போச்சு. ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, தீர்ப்புத்தான் பாக்கி. மலை எறங்குன அன்னையிலருந்து எம்மகன் என்கிட்டயும் பேசுறதில்ல. போன் போட்டா எடுக்க மாட்டான். கோயமுத்தூருக்கு நேர்ல போனேன். கதவைத் தொறந்து விட்டான், காப்பி போட்டு முன்னால வச்சான், ஆபீஸுக்குப் போயிட்டான். வீடு அப்படிச் சுத்தமா இருக்கு. அந்த சோபாவுல ஒரு சாயங்காலம் உக்காந்திருந்தேன் பாருங்க. கெவியே தேவலாம் தம்பி, அங்க தண்ணி விழுகுற சத்தமாவது இருந்துச்சு. அடுத்த பஸ்ஸைப் புடிச்சு ஊருக்கு வந்துட்டேன்.

அப்புறம்தான் சின்னமனூர் போக ஆரம்பிச்சேன். மொத தடவை கால் எப்படி இருக்குன்னு கேக்கப் போனேன். அது மரியாதை. ரெண்டாந் தடவை ஒரு கூடை முருங்கைக்காய் கொண்டு போனேன். அதுக்கப்புறம் சாக்குத் தேடுறதை விட்டுட்டேன். அவரு கடையில ஒரு ஸ்டூல் போட்டிருப்பாரு, உக்காருவேன். நான் பேசுவேன், அவரு ம்ம்பாரு. நடுவுல மருந்து எடுத்துக் கொடுப்பாரு. திரும்பி வந்து, ம், சொல்லுங்கம்பாரு. அந்தச் சொல்லுங்கவுக்குத்தான் இம்புட்டுத் தூரம் பஸ்ஸு. அவரை என்னன்னு கூப்பிடுறதுன்னுதான் தெரியல. கோர்ட்டுல தீர்ப்பாயிருச்சுன்னா அவரு சம்பந்தி இல்லையே? அண்ணன்னு கூப்பிட்டுப் பாத்தேன், ஒட்டல. அவரே சொல்லிட்டாரு, பழைய மாதிரியே கூப்பிடுங்க, யாரு கேக்கப் போறாங்கன்னு.

போன தடவை போனப்ப அந்தப் பிள்ளை கடைக்கு வந்திருந்துச்சு. இப்ப அதுதான் கணக்கு வழக்கு பாக்குது. மாமா, நீங்க ஏன் மாமா வர்றீங்கன்னு கேட்டுச்சு. கோவமா இல்ல, சும்மாதான். நான், வெங்காயம் விலை ஏறிக்கிட்டே போகுதும்மான்னேன். அது சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு ஒன்னு சொல்லுச்சு பாருங்க.

"கோயமுத்தூர்ல இருந்தப்ப தெனமும் ராத்திரி எனக்குப் போன் பண்ணி இப்படித்தான் பேசுவீங்க மாமா. நான் ஸ்பீக்கர்ல போட்டு அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருவேன். நீங்க பாட்டுக்கு தக்காளி, முருங்கைன்னு பேசிக்கிட்டே இருப்பீங்க. வீட்டுக்குள்ள ஒரு மனுஷக் குரல் கேக்கும். வச்சிறாதீங்க, வச்சிறாதீங்கன்னு நெனச்சுக்கிட்டே சமைப்பேன்."

பாத்தீங்களா? இம்புட்டு நாளும் வாயாடி, ஓட்டை வாயின்னு என்னைச் சொன்னவன் எத்தனை பேரு. என் பேச்சு ஒரு உசுரைப் புடிச்சு வச்சிருந்திருக்கு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. வர்ற வழியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டு வந்தேன்.

ஆனா ஒன்னு மட்டும் உறுத்துது. அம்புட்டு நாள் போன்ல இருந்துச்சுல்ல, அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு தடவை, மாமா ஒன்னு சொல்லணும்னு ஆரம்பிச்சுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு மார்க்கெட்டுல சின்ன வெங்காயம் தலைகீழா எறங்கிருச்சு, அந்தக் கதையை நான் பாதியில இருந்தேன். இரும்மா, இதைச் சொல்லி முடிச்சுக்கிறேன்னேன். முடிச்சப்ப அது, ஒன்னும் இல்ல மாமான்னுருச்சு. ஒன்னும் இல்லைன்னா ஒன்னும் இல்லைன்னுதானே எடுத்துக்க முடியும்?

நேத்து எம்மகன் போன் பண்ணுனான். ஆமா, அவனேதான். தை மாசத்துக்கப்புறம் இப்பத்தான். மார்க்கெட்டுல நிக்கிறேன், போன்ல அவன் பேரைப் பாத்ததும் ஏலத்தைப் பாதியில விட்டுட்டு ஓடுனேன். என் வாழ்க்கையில நான் ஏலத்தைப் பாதியில விட்டதில்ல. எடுத்து, நிர்மலுன்னேன். அவன் சொன்னான்: "அவங்க வீட்டுக்குப் போறதை நிறுத்துங்க. நிறுத்துனா நான் வீட்டுக்கு வர்றேன்." வச்சிட்டான். அம்புட்டுத்தான். குரல் நல்லாத்தான் இருந்துச்சு. சளி கிளி ஒன்னும் இல்ல. கொஞ்சம் எளச்சிருப்பான் போல. அந்த ரெண்டு வார்த்தையை ராத்திரி பூராம் மனசுக்குள்ள திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். எம்மகன் பேசுறான்ல.

காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். வந்தவன் சின்னமனூருக்கு டிக்கெட் எடுக்கல. தேனிக்குத்தான் எடுத்தேன். போறதுக்குள்ள முடிவு பண்ணிக்கலாம், வேணாம்னா தேனியில எறங்கித் திரும்பிரலாம்னு. பெரியகுளத்துல பஸ் நின்னப்ப நான் எழுந்து படி வரைக்கும் போனேன், நீங்க பாத்தீங்க. அந்த அந்தரத்துல நின்ன கை ஞாபகம் வந்திருச்சு. வந்து உக்காந்துட்டேன்.

இது தேனிதானே? எறங்குறவங்க எறங்கட்டும். கண்டக்டர் தம்பி, சின்னமனூரு ஒன்னு குடுங்க. ஆமா, எறங்கல. சில்லறை இருக்கு, இந்தாங்க.

போறது போறேன், ஒரு யோசனை வச்சிருக்கேன். இன்னைக்கு அந்தப் பிள்ளை கடையில இருந்துச்சுன்னா நான் பேசப் போறதில்ல. ஸ்டூலைப் போட்டு உக்காந்து, அன்னைக்குப் போன்ல நீ என்னம்மா சொல்ல வந்தேன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிறது. அது பேசட்டும். எம்மகனைப் பத்தி என்ன சொன்னாலும் சரி, குறுக்க விழாமக் கேக்கணும். முடியுமான்னு தெரியல. ஏலக்காரன் வாய்ல. அதனால இங்கருந்து சின்னமனூர் வரைக்கும் பேசாம வந்து பழகிப் பாக்கப் போறேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல கோவம் இல்ல. இந்தா, ஆரம்பிச்சுட்டேன்.

அது வீரபாண்டி.

இல்ல, நான் பேசல. ஊர் பேரைச் சொன்னேன்.